இரண்டு ஐந்து மணி

அன்புள்ள அக்காவுக்கு,

"கப்பலில் போனாயாமே, வாந்தி எடுத்தாயா?" என்று நீ ஒரே வரியில் கேட்டிருப்பதைப் படித்ததும், எழுபதைத் தாண்டிய தம்பியைப் பற்றி உன் ஞாபகசக்தி எதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது என்பது விளங்கிற்று. விடையைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸ் தேசத்துக் கலே துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரப் பிரயாணம். ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் 21 மைல்தான். 1994இல் நம் நீச்சல்வீரன் குற்றாலீஸ்வரன் சிறுபிள்ளையாக நீந்தியே கடந்தானே, அதே கடல். நாளொன்றுக்கு நானூறுக்கும் அதிகமான கப்பல்கள் நெடுகப் போகிற அந்த நீர்வழியில், சாலையில் இடப்பக்கமே சத்தியம் என்று சாதிக்கிற இந்த வெள்ளைக்காரர்களும் சமர்த்தாக வலப்பக்கம் ஒதுங்கித்தான் போகவேண்டும். எங்கள் கப்பலோ, தேரோடும் வீதியைக் கூடையோடு கடக்கிற கிழவியைப்போல, அத்தனைக்கும் குறுக்கே போயிற்று.

கடலில் ஓடும்போது கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பது, மருமகள் கட்டிக்கொடுத்த தயிர்சாதம் காரிலேயே இருப்பது நினைவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய விபரீதம் கடிகாரம். பிரான்ஸ் இங்கிலாந்துக்கு ஒரு மணி நேரம் முந்தியது; ஆகவே 11 மணிக்குப் புறப்பட்டவன் ஒன்றரைக்குப் போய் இறங்கினேன். ஒரு மணிக்கு விழுங்கவேண்டிய ரத்த அழுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, என் கடிகாரப்படி அந்த வேளை இன்னும் வரவில்லை, கரையிலுள்ள கடிகாரப்படி அது கடந்தே போய்விட்டது என்னும் தர்மசங்கடத்தில் நின்றேன். திரும்பும்போது அதற்கு நேர்மாறு: கலேயில் கப்பலேறி 5 மணிக் காபியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டால், நடுக்கடலில் மறுபடியும் 5 மணி வந்தது. பழக்கத்தை விடலாகாது என்று இன்னொரு காபி குடித்தேன். ஐந்தரைக்கு டோவர். போக இரண்டரை மணி, வர அரை மணி! பிடுங்கிய நேரத்தை வட்டியில்லாமல் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

சிறுவயதில் நாம் தனுஷ்கோடியில் 'இர்வின்' கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரில் இறங்கியபோது அப்பா தம் கைக்கடிகாரத்தைத் தொடவே இல்லை. இரு கரைக்கும் ஒரே நேரந்தான். ஏறக்குறைய இதே தூரம், இதே போன்ற உப்புக்காற்று. ஆயினும், 1964 டிசம்பரில் ஓர் இரவு புயல் தனுஷ்கோடித் துறையை வாரிக்கொண்டு போயிற்றே, அதைத் திருப்பித் தருவார் எவருமில்லை. இரண்டாவது காபியைக் கையில் வைத்துக்கொண்டு இதையே நினைத்திருந்தேன்; ஆறிப்போயிற்று.

உன் கேள்விக்கு வருகிறேன். வாந்தி வரவில்லை. வந்திருந்தாலும் ஏந்துவதற்கு உன் பட்டுப்பாவாடை அங்கே ஏது?

இப்படிக்கு,
உன் தம்பி