மாமன் சொன்னா கசக்கும் மாப்ள

வாங்க கவிஞரே! தொகுப்பு வந்திருச்சாம்ல. பின்னட்டையில கன்னத்துல கை வச்சு உக்காந்திருக்கியே, பையனுக்குப் பல்வலியான்னு உங்கத்தை கேக்குறா.

அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரைன்னு தாண்டி முதல் கவிதைக்கு வர்றதுக்குள்ள வேடசந்தூரு பஸ்ஸு போயிட்டுத் திரும்பிருச்சு. சரி, படிச்சேன். மறுபடியும் படிச்சேன். ஒண்ணும் பிடிபடல. திண்டுக்கல்காரன் பூட்டு செய்யலாம் மாப்ள, தப்பில்ல. ஆனா சாவியையும் சேத்துல்ல குடுப்பான்?

“புதுக்கவிதைன்னா அப்படித்தான் மாமா”ங்கிற. எங்கிட்டயேவா? அதைத் தூக்கி வளர்த்தவரே வத்தலக்குண்டுல வளர்ந்த ஆளுதான், சி.சு.செல்லப்பா. 1959ல ‘எழுத்து’ பத்திரிகை ஆரம்பிச்சாரு. 1962ல ‘புதுக்குரல்கள்’னு தொகுப்பு போட்டாரு. விக்கலைன்னு மூலையில உக்காரல. புத்தக மூட்டையைத் தோள்ல தூக்கிட்டுக் காலேஜு காலேஜா ஏறி இறங்குனாரு. நீ என்ன செஞ்ச? வாட்சப்புல அட்டைப்படம் போட்ட. வாழ்த்துகள் வந்து குமிஞ்சுச்சு. ஒருத்தனாவது விலை என்னன்னு கேட்டானா?

அவரு 1998ல போய்ச் சேந்தாரு. சாகித்ய அகாதமி 2001ல குடுத்தாக. அதனால விருதுக்கு அவசரப்படாத.

அடுத்தாப்ல சின்னப் பிள்ளைகளுக்குப் படத்தோட வாழ்க்கை வரலாறு எழுதப் போறியாம். நல்ல காரியம். யாரைப் பத்தி? காந்தி, நேரு, கலாமா? அவுகளுக்கெல்லாம் எழுத ஆளு வரிசையில நிக்குது. நம்ம விருப்பாச்சி கோபால் நாயக்கருக்கு யாரு இருக்கா?

1772ல காளையார்கோவில்ல கும்பினிப் படை புருஷனைக் கொன்னதும், சிவகங்கை ராணி வேலு நாச்சியார் மகளைக் கூட்டிக்கிட்டு வந்து ஒதுங்குனது அவருகிட்டத்தான். வருஷக்கணக்கா வச்சுக் காப்பாத்துனாரு. 1780ல அந்தம்மா சிவகங்கையைத் திருப்பிப் பிடிச்சாக. 2008ல அவுகளுக்குத் தபால்தலையும் வந்துச்சு. அடைக்கலம் குடுத்த மனுஷன், வெள்ளைக்காரனை எதுத்துப் பாளையக்காரங்களை ஒண்ணு சேத்தாரு. 1801ல நம்ம திண்டுக்கல்லுலயே தூக்குல போட்டாக. நம்ம கோபாலசமுத்திரம் குளத்துக்கு அந்தப் பேரே அவரால வந்ததுன்னு பெரியவுக சொல்வாக. நீயும்தான் அந்தக் கரையோரம் தெனமும் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற!

எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு சங்கதி கேட்டுக்க. படம் போடுற தம்பிகிட்டச் சொல்லு, கட்டபொம்மன் மீசையைப் பிடுங்கி இவருக்கு ஒட்ட வேணாம்னு. நம்ம ஊருல எல்லா வீரனுக்கும் ஒரே மீசை, ஒரே குதிரை. 1605ல கட்டத் தொடங்குன நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டை இன்னும் நிக்குது. மேல ஏறி, சுத்துமுத்தும் பாத்து வரையட்டும்.

ரெண்டாவது உனக்கு. படத்துல குதிரை ஓடுனா, கீழ ‘குதிரை ஓடியது’ன்னு எழுதாத. பிள்ளைக்குக் கண்ணு இருக்கு. படம் சொல்லாததை மட்டும் நாலு வரியில சொல்லு. கடைசிப் பக்கத்துல ‘நாமும் இவரைப்போல் வாழ்வோம்’னு போட்டுத் தொலைச்சிராத. தூக்குல போட்ட கதையைப் படிச்ச பிள்ளை மிரண்டு காய்ச்சல்ல படுத்துரும்.

ஆறு வயசுப் பிள்ளை “அப்புறம்?”னு கேக்குற மாதிரி நாலு வரி எழுதிப் பழகிட்டன்னு வையி, உன் கவிதையும் தன்னால வழிக்கு வந்துரும். அன்னைக்கு மூட்டையை நான் தூக்குறேன், நீ முன்னால நட.

இப்ப அந்தத் தொகுப்புல ஒண்ணு குடுத்துட்டுப் போ. சும்மா வேணாம், ஓசியில வந்த புத்தகத்தை எவன் படிப்பான்? கணக்குல எழுதிக்க, தைக்குத் தாரேன். எந்தத் தைன்னு மட்டும் கேக்காத.