ஸ்பேனருக்குக் கயிறு கட்டுங்கள்

லங்காவியில் குவா படகுத்துறைக்குப் பக்கத்தில் பெரிய கழுகுச் சிலை ஒன்று நிற்கும். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்க் குடும்பம், எதிரே நங்கூரம் போட்டு நிற்கும் பாய்மரப் படகுகளைப் பார்த்து, "குடுத்து வச்சவங்க" என்று பெருமூச்சு விட்டது. குடுத்து வைத்தவர்களில் ஒருவன் அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கையில் கறுப்புப் பை. பைக்குள் கழிவறைப் பம்பு.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 32 அடி பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினேன். அழுத்தம், வெற்றிடம், மின்சுற்று என்று கரும்பலகை நிறைய எழுதித் தள்ளியவனுக்கு ஒரு பம்பைக் கழற்றி மாட்டத் தெரியாதா என்ற மிதப்பு. படகைவிட அதுதான் நன்றாக மிதந்தது.

கழிவறையிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் படகுக் கழிவறையில் கையால் பம்பு அடித்துத்தான் வெளியேற்ற வேண்டும். கடைசியில் ரப்பரில் வாத்து அலகுபோல ஒரு வால்வு இருக்கும். அதன் பெயரே ஜோக்கர் வால்வு. போனதைத் திரும்பி வரவிடாமல் தடுப்பது அதன் வேலை. அதனால் வயிற்றுக்குள் போய் வந்ததைத் தவிர வேறு எதையும் உள்ளே போடக்கூடாது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் இதைப் பாடம் மாதிரி நடத்துவேன். ஈப்போவிலிருந்து மச்சான் வந்து மூன்று நாள் தங்கிப் போன மறுநாள், பம்பு அடைத்துக்கொண்டது. "காகிதத்தைப் போட்டிருப்பான் உன் தம்பி" என்று மனைவியிடம் ஒரு வாரம் புலம்பினேன். கடைசியில் கழற்றிப் பார்த்தால், ரப்பர் அலகின் வாயில் ஒரு சட்டைப் பொத்தான். நீலம். அன்று நான் போட்டிருந்த சட்டையில் கீழிருந்து இரண்டாவது பொத்தானைக் காணோம். மச்சானிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

பாய்மரக்காரர்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு: ஜோஷுவா ஸ்லோகம். 1895-ல் புறப்பட்டு 1898-ல் திரும்பி, தனி ஆளாக முதன்முதலில் உலகைச் சுற்றியவர். அவர் பெயரை நாங்கள் சுலோகம் மாதிரியே சொல்லிக்கொள்வோம். ஒரு டாலருக்கு வாங்கிய தகரக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கடலில் போனவர் அவர். அது மக்கர் பண்ணியபோது கொதிக்கவைத்து எடுத்தார். மறுபடி மணி காட்டியது. அதைப் படித்த சூட்டில், படகின் அடித்தண்ணீரை இறைக்கும் பம்பின் மிதவை சுவிட்சை நானும் வெந்நீரில் போட்டேன். அதுவரை எப்போதாவது வேலை செய்துகொண்டிருந்த சுவிட்ச், அன்றோடு ஓய்ந்தது.

அடுத்தது இம்பெல்லர். எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் ரப்பர்ச் சக்கரம் இது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆறு இறக்கை. தண்ணீர் வராமல் சுழன்றால் சீக்கிரமே பிய்ந்துவிடும். எஞ்சினைப் போட்டதும் வெளியே எட்டிப் பார்த்து, புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பார்ப்பதுதான் முதல் விதி. அன்று காலை எஞ்சினைப் போட்டுவிட்டு டீயை எடுத்தேன். தண்ணீர் வரும் வால்வைத் திறக்கவில்லை என்பது சூட்டு அலாரம் கத்தியபோதுதான் உறைத்தது.

பம்பின் மூடியில் ஆறு சின்னத் திருகுகள். நான்கை டப்பாவில் போட்டேன். இரண்டை எஞ்சினுக்கு அடியில் போட்டேன். இம்பெல்லரை இழுத்து எடுத்தால், மூன்று இறக்கை போய்விட்டது. பிய்ந்த துண்டுகளை விட்டுவைத்தால் அவை குழாயில் போய் அடைத்து எஞ்சினை மறுபடி சூடாக்கும். ஒவ்வொரு குழாயாகக் கழற்றினேன். இரண்டு துண்டு கிடைத்தது. மூன்றாவதற்காக மூன்று மணி நேரம் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, டீசல் வாடையில், வேர்த்து ஊற்றத் தேடினேன். மனைவி பழைய இம்பெல்லரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, இதுல நாலு இருக்கே?"

ஒரு இறக்கை மடங்கி, பக்கத்து இறக்கையோடு கிரீஸில் ஒட்டிக்கிடந்திருக்கிறது. ஆறிலிருந்து மூன்றைக் கழித்தவன், முதலில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "அப்பாவா? கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காரு" என்றாள்.

மழைக்காலம் வந்ததும் படுக்கைக்கு மேலே ஒழுக ஆரம்பித்தது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே சிலிக்கான் பூசினேன். ஒழுகியது. கொஞ்சம் தள்ளிப் பூசினேன். ஒழுகியது. படகில் தண்ணீர் ஒரு இடத்தில் நுழைந்து, கூரைப் பலகைக்கு உள்ளேயே ஊர்ந்து, வேறெங்கோ சொட்டும். ஒரு மாதம் எவர்சில்வர் கிண்ணம்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தது. ஓட்டை ஆறடி தள்ளி, கைப்பிடிக் கம்பத்தின் அடி போல்ட்டில் இருந்தது.

அதைக் கழற்ற மேலே ஒருவர் போல்ட்டைப் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் நட்டைத் திருக வேண்டும். கீழே அவள். "புடிச்சிருக்கீங்களா?" என்றாள். "புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நெற்றி வியர்வையைத் துடைத்தேன், ஸ்பேனர் பிடித்த கையால். கம்பத்தில் ஒரு 'டங்', அப்புறம் ஒரு 'ப்ளக்'. பத்தாம் நம்பர் ஸ்பேனர். படகில் எந்த வேலைக்கும் அதைத்தான் முதலில் தேடுவோம்.

விடுவேனா? கனமான காந்தம் ஒன்று வாங்கி, கயிற்றில் கட்டி, அதே இடத்தில் இறக்கினேன். ஏதோ கனமாக ஒட்டியது போலிருந்தது. ஆசையாக இழுத்தேன். கயிறு மட்டும் வந்தது. பாய்மரக்காரன் கட்டிய முடிச்சு! அடியில் சேற்றில் காந்தமும் ஸ்பேனரும் இப்போது ஒன்றையொன்று கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகும் யாராவது படகு பற்றிக் கேட்டால் வாத்தியார் குரல் தானாக வந்துவிடுகிறது. அதனால் நான் நிஜமாகக் கற்ற மூன்றை மட்டும் சொல்கிறேன். எஞ்சினைப் போட்டால் தண்ணீர் துப்புகிறதா என்று எட்டிப் பாருங்கள். தேடுவதற்கு முன் எண்ணுங்கள். மேல்தட்டில் வேலை என்றால் ஸ்பேனருக்குக் கயிறு கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். முடிச்சை மட்டும் வீட்டுக்காரியைப் போடச் சொல்லுங்கள். எங்கள் படகில் இப்போது அப்படித்தான்.