பாஸ் சொல்லாத பெரியவர்

முன்பு வட ஆர்க்காடு ஜில்லாவுக்கும், பிறகு 1911-இல் உண்டான சித்தூர் ஜில்லாவுக்கும் தலைநகரமாக இருந்துவந்த காரணத்தால், சித்தூருக்குக் கலெக்டர் கச்சேரியும், கோர்ட்டும், கோர்ட்டை அண்டிய வக்கீல் பரிவாரமும், அந்தப் பரிவாரம் சாயங்கால வேளையில் வாய்க்குச் சற்று ஓய்வு கொடுப்பதற்கென்று பிரிட்ஜ் மேஜையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஏலம் கூறுவது இங்கிலீஷில், கணக்குப் பார்ப்பது தெலுங்கில், ஏசுவது தமிழில் என்று மூன்று பாஷைகளும் சண்டையில்லாமல் தத்தம் இலாகாக்களைப் பிரித்துக்கொண்ட அந்த மேஜையில், எந்தக் காலத்திலும் ஒருவர் இருந்தே தீருவார். வழக்குகள் அவரை விட்டு விலகியிருக்கும். அவர் மட்டும் வாதத்தை விட்டு விலகியிருக்க மாட்டார். எதிராளி "மூன்று ஹார்ட்" என்று எடுத்த எடுப்பில் ஏலத்தைத் தொடங்கிவிட்டால், "பாஸ்" என்ற அந்த இரண்டெழுத்துச் சொல்லை உச்சரிக்க நாக்கு எழாத மகானுபாவர் அவர்.

சீட்டு விளையாடாத வாசகர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். பிரிட்ஜில் எதிரெதிரே உட்கார்ந்த இருவர் கூட்டாளிகள். ஒருவர் கையிலிருப்பதை மற்றவருக்குத் தெரிவிக்க, ஒன்று முதல் ஏழு வரை படிப்படியாக ஏறும் ஏலத்தைத் தவிர வேறு நியாயமான மார்க்கம் கிடையாது. கண் சிமிட்டுவதும் தொண்டையைக் கனைப்பதும் துரோகம். இந்த நிலைமையில், ஒரே சூட்டில் ஏழு சீட்டு வந்து, மற்றபடி கை வறண்டு கிடக்கும் ஆசாமி ஒருவர், ஒன்று, இரண்டு என்ற படிகளைத் தாண்டி நேரே மூன்றில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஜெயிப்பது அவர் நோக்கமே அல்ல. எதிர்த் தரப்பார் நிதானமாகப் பேசிக்கொள்ள இருந்த இடத்தை அபகரித்துவிடுவதுதான் நோக்கம். கல்பர்ட்சன் என்ற அமெரிக்க ஆசாரியர் இதற்கு ஒரு வரம்பும் கட்டிக் கொடுத்திருக்கிறார்: ஏற்கெனவே ஒரு கேம் ஜெயித்து வல்னரபிளாக இருந்தால் சொன்னதைவிட இரண்டு பிடி, இல்லாவிட்டால் மூன்று பிடி குறையலாம், டபிள் வாங்கினாலும் தண்டம் 500-க்கு மேல் போகாது. அதாவது, அந்த மூன்று ஹார்ட் என்பது கணக்குப் பார்த்துச் செய்யும் அடாவடி. அதில் துவேஷம் எள்ளளவும் இல்லை.

நம் பெரியவரோ அதைத் தம் வம்சத்தின்மேல் வீசப்பட்ட அபவாதமாக எடுத்துக்கொள்கிறார். திருப்பதியிலிருந்து சனிக்கிழமைதோறும் வரும் பேராசிரியர் ஒருவர், பட்டமளிப்பு விழாவில் உட்கார்ந்திருப்பவர் போன்ற சாந்தமான முகத்தோடு "மூன்று ஹார்ட்" என்கிறார். பெரியவரின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறுகிறது. காது மடல் சிவக்கிறது. அவர் கையைப் பார்த்தால், ஸ்பேடில் ராஜாவும் ஜாக்கியும் சேர்ந்து ஐந்து, டைமண்டில் ஏஸோடு மூன்று, கிளப்பில் ராணியும் பத்தும், போதாக்குறைக்கு எதிராளியின் ஹார்ட்டிலேயே ராணியோடு மூன்று. ஏஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்ற கோரன் கணக்குப்படி ஆகமொத்தம் 12 புள்ளி. இந்தக் கைக்கு மௌனமே பூஷணம் என்று பாலபாடம் படித்தவனும் சொல்வான். எதிராளியின் சூட்டில் சீட்டுக் குறைந்து, மற்ற மூன்றிலும் சீட்டு நிறைந்து, புள்ளியும் இருந்தால் டபிள் சொல்லிக் கூட்டாளியின் சூட்டைக் கேட்கலாம். அவன் சூட்டை அடைக்கக் கதவும் பதினாறு பதினேழு புள்ளியும் இருந்தால் மூன்று நோ டிரம்ப் என்று துணியலாம். ஆறு சீட்டுள்ள நல்ல சூட் இருந்தால் அதைச் சொல்லலாம். இவை எதுவும் இல்லாதவன் கூட்டாளிக்கும் ஒரு முறை வரும் என்று நம்பிப் பேசாமலிருக்க வேண்டும். கூட்டாளியை நம்புவது பெரியவரின் ஜாதகத்திலேயே இல்லை.

"மூன்று ஸ்பேட்!" என்றார். கூட்டாளி யோக்கியர்; பெரிய மனிதர் சொல்வதில் ஏதோ இருக்கும் என்று நான்காக்கினார். பேராசிரியரின் கூட்டாளி, ஸ்பேடில் ஏஸும் ராணியும் பத்தும் வைத்திருந்தவர், டபிள் என்றார். வல்னரபிளில் மூன்று பிடி குறைந்து 800 போயிற்று. விட்டிருந்தால் அந்த மூன்று ஹார்ட் தானாகவே இரண்டு பிடி குறைந்து, 100 இந்தப் பக்கம் வந்திருக்கும்.

"ஊருகோண்டி சார்" என்றார் கூட்டாளி, ஆறுதலாக. பேசாமல் இருங்கள் என்ற இந்த உபதேசம் ஏலத்துக்கு முன்னால் வந்திருந்தால் எவ்வளவோ பிரயோஜனப்பட்டிருக்கும்.

"சும்மா விட்டுவிடச் சொல்கிறீரா? நாளைக்கு ஊரில் எவன் மதிப்பான்?"

டபிள் விஷயத்தில் இவர் செய்யும் கூத்து தனி அத்தியாயம். தாம் சொல்லும் டபிளுக்கு 'உன் சூட்டைச் சொல்' என்று ஒரு நாளும், 'அடித்து நொறுக்கு' என்று மறு நாளும் அர்த்தம் வைத்திருப்பார். எந்த நாள் எது என்பது ஆட்டம் முடிந்த பிறகே கூட்டாளிக்குத் தெரியவரும். எதிராளியின் மூன்றுக்கு மேல் டபிள் என்றால் அடிதான், அடுத்த சூட்டைச் சொன்னால்தான் கேள்வி என்று ஃபிஷ்பீன் என்பவர் ஒரு முறை வகுத்திருக்கிறார். அதைப் படித்திருந்த கூட்டாளி ஒருநாள் பாஸ் சொல்லி உட்கார்ந்துவிட, மூன்று ஹார்ட் டபிளோடு ஜெயித்து, ஒரு கேம் போனதுமல்லாமல், அவமதித்த குற்றத்துக்கென்று விதியிலேயே கண்டிருக்கும் 50 புள்ளியும் எதிர்ப்பக்கம் ஏறியது. யார் சொன்னது சரி என்ற தகராறு முற்றி, பக்கத்திலிருக்கும் காணிப்பாக்கத்துக்குப் போய்ப் குளத்தில் முழுகிப் பிள்ளையார் சந்நிதியில் சத்தியம் செய்வது என்ற கட்டத்துக்கு வந்தது. பால் திருடியவனும் பாகம் மறைத்தவனும் நடுங்குகிற அந்தச் சந்நிதியில் டபிளின் தாத்பரியத்தையும் கொண்டுபோய் நிறுத்துவது அபசாரம் என்று பேராசிரியர்தான் தடுத்தார்.

தோற்றதற்கெல்லாம் சீட்டு விழுந்த விதமே காரணம் என்பது பெரியவரின் நிரந்தர வாதம். 1967-இல் ஆந்திரப் பிரதேச அரசு கொண்டுபோன ரம்மி வழக்கில், அதிலுள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் பகிரும்போது உள்ள அதிர்ஷ்டத்தைப் போன்றதே, ரம்மி பிரதானமாகத் திறமையாட்டமே என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததை, போலீஸ் பேச்சு எழும்போதெல்லாம் அவரே மனப்பாடமாக ஒப்பிப்பவர். அந்தத் தீர்ப்பு போலீஸாரிடமிருந்து அவரைக் காப்பாற்றுவது மெய். அதே தீர்ப்பு அவருடைய 800-க்கு அதிர்ஷ்டத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாமல் செய்துவிடுகிறது என்பதை மட்டும் அவர் கவனித்ததில்லை.

எதிராளியின்மேல் உள்ள ரோஷம்தான் இத்தனைக்கும் காரணம் என்று நாங்கள் வெகுகாலம் எண்ணியிருந்தோம். ரப்பர் முடிந்து கூட்டாளி மாறிய ஒரு சனிக்கிழமை அந்த அபிப்பிராயமும் போயிற்று. எதிரே உட்கார்ந்த இளைஞர், ஏழு ஹார்ட்டை வைத்துக்கொண்டு, சாஸ்திரோக்தமாக "மூன்று ஹார்ட்" என்றார். பேராசிரியர் பாஸ். பெரியவரிடம் ஹார்ட் ஒன்றுகூட இல்லை. பையனைக் காப்பாற்ற வேண்டாமா? "மூன்று ஸ்பேட்" என்றார். பையன் பதறி "நான்கு ஹார்ட்" என்றான். "நான்கு ஸ்பேட்" என்றார் பெரியவர், கண்ணாடி நெற்றியில். ஸ்பேடில் ஏஸும் ராஜாவுமாக ஐந்து சீட்டை வைத்துக்கொண்டிருந்த பேராசிரியர் அப்போதும் பாஸ்தான் சொன்னார். டபிள் சொல்லாமல் விட்டதேன் என்று அவருடைய கூட்டாளி பிறகு கடிந்துகொண்டபோது, பேராசிரியர் சீட்டைக் கலைத்தபடியே சொன்னார்:

"ஏழு வரைக்கும் இடம் இருக்கிறதே சுவாமி, மலையேறுகிறவரை நடுப்படியில் நிறுத்துவானேன்?"