தயிர் போட்ட கேக்

1970களில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முட்டை மடியில் உட்கார்ந்து வரும். கூடை நிறைய உமி, உமிக்குள் முட்டை, கூடையைக் கட்டிப் பிடித்தபடி பஸ்ஸில் அப்பா. கொண்டை ஊசி வளைவுகள் 20. ஒரு டஜன் ஏற்றினால் ஒன்பதோ பத்தோ முழுசாக வந்து சேரும். உடைந்ததை உமியோடு வழித்தெடுத்து, பாட்டி கண்ணில் படாமல் கொல்லைப்புறத்தில் ஆம்லெட் போடுவார் அப்பா. பல்லில் நறநறக்கும். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

மலைக் கிராமங்களிலிருந்து நாட்டுக்கோழி முட்டையும் வரும். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் கோழிகள் வேலைநிறுத்தம். கிறிஸ்துமஸ் வருவதோ மழைக்காலத்து வாலில்.

அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டர். பங்களாவில் ஒரு பட்லர் தாத்தா இருந்தார். அண்டாவின் அடியில் மணல், மூடிமேல் கரிக்கங்கு: அதுதான் அவருடைய ஓவன். யுத்த காலத்தில் சீமையில் முட்டைப் பஞ்சம் என்றும், துரைசாணி கொண்டுவந்த டப்பா முட்டையைத் தான் தொட்டே பார்த்ததாகவும் சொல்வார். டப்பா முட்டை என்பது அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குப் போன உலர் முட்டைப் பொடி. 1942 முதல் அங்கே ரேஷனில் கொடுத்தார்கள். ஒரு டப்பா 12 முட்டைக்குச் சமம். "அதுல கேக் பண்ணா சுண்ணாம்பு வாடை வரும் கண்ணு" என்பது தாத்தாவின் தீர்ப்பு.

பாட்டி சுத்த சைவம். ஆனால் கேக் என்றால் நாக்கு ஊறும். பட்லர் தாத்தாவிடம் கேட்பார்:

"முட்டை கிட்டை போட்டியாப்பா?"

"தயிருங்கம்மா. வெறும் தயிர்."

ஆறு முட்டை போட்ட கேக்கை மென்றபடி பாட்டி சொல்வார்: "அதான் பார்த்தேன். நல்லாப் புளிச்ச தயிர்."

இன்று நாமக்கல்லில் முட்டை மலைமலையாகக் கிடக்கிறது. அட்டை அட்டையாக வேனில் ஏறி வருகிறது. ஒன்று உடைந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஈரோட்டுப் பக்கம் ஆலையில் முட்டையைப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். முட்டையிலுள்ள சர்க்கரையை முதலிலேயே நீக்கிவிட்டு (இல்லாவிட்டால் பொடி நாளடைவில் பழுப்பாகிவிடும்), சூடான காற்றில் தூறலாகப் பீய்ச்சி அதை உலர்த்துவார்கள். முட்டை இவ்வளவு மலிந்த காலத்தில்தான் பேக்கரிகளில் 'எக்லெஸ்' கேக்குக்குக் கூடுதல் விலை. போடாத பொருளுக்குக் காசு வாங்கும் வித்தை பட்லர் தாத்தாவுக்குத் தெரியாமல் போயிற்று.

என் மருமகள் முட்டை தொடமாட்டாள். ஒரு முட்டைக்கு ஒரு ஸ்பூன் ஆளிவிதைப் பொடி, மூன்று ஸ்பூன் தண்ணீர். பத்து நிமிடம் ஊறினால் வெண்டைக்காய்ச் சளி மாதிரி கொழகொழக்கும். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரையும் அடித்து நுரைக்க வைக்கிறாள். 2014ல் ஒரு பிரெஞ்சுப் பாடகர் கண்டுபிடித்ததாம். எங்கள் பாட்டி அதை மாட்டுக்கு ஊற்றினார், மாடு பாடவில்லை.

இதில் ஒரு சங்கடம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் அவசரமாகப் பொங்கி, உள்ளே இறுகுவதற்குள் பொத்தென்று உட்கார்ந்துவிடும். தாங்கிப் பிடிக்க முட்டையும் இல்லாவிட்டால் நடுவில் ஏற்காடு ஏரி. தாத்தா சோடாவை எடுத்துவிட்டு, விரல் நுனியில் கொஞ்சத்தைத் திரும்ப டப்பாவிலேயே தட்டுவார். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். அழுத்தமானியை அவர் விரலிலேயே வைத்திருந்தார்.

நான் மருமகள் வழிக்குப் போகாமல் முட்டைப் பொடி வாங்கினேன். முதல் பாக்கெட்டைத் திறந்தபடி விட்டேன். ஏற்காட்டு ஈரத்தில் கட்டி கட்டியாகிவிட்டது. அதைச் சலிக்காமல் மாவில் கொட்டினேன். வெட்டினால் துண்டுக்குத் துண்டு மஞ்சள் முத்து. இரண்டாவது பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டேன். 12 கிராம் பொடிக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து, சலித்த மாவில் சேர்த்தேன். கேக் குறை சொல்ல முடியாமல் வந்தது. சுண்ணாம்பு வாடை? தேடிப் பார்த்தேன், வெனிலா மணம்தான் வந்தது.

வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கு விடுகிறேன். போன மழைக்கு, பாதையில் மண் சரிந்து முட்டை வேன் வராத நாளில், பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி. முற்றத்தில் நனைந்துகொண்டு நின்ற என் ஒரே கோழியை அந்தப் பையன் படம் பிடித்தான். அது முட்டையிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

கேக்கைக் கொண்டுபோய் வைத்தேன்.

"நாட்டுக்கோழி முட்டையா ஆன்ட்டி?"

டப்பா அலமாரியில் எனக்கு நேர் எதிரே இருந்தது.

"ஆமாம்ப்பா. நாட்டுக்கோழிதான்."

"அதான் பார்த்தேன்" என்று மூன்றாவது துண்டை எடுத்தான். "அந்த மஞ்சளே சொல்லுது."