வத்தக்குழம்பும் வாய்ப்பேச்சும்

கேள்வி: என் மனைவி அன்பாக நாலு வார்த்தை பேசியதே இல்லை. ஆனால் கேட்காமலே வத்தக்குழம்பு வைத்துவிடுகிறாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: கரண்டியால்தான்! குறுந்தொகை 167-இல், கூடலூர் கிழார் காட்டும் புது மனைவி தயிர் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறப் புளிக்குழம்பு வைக்கிறாள். ‘நன்றாயிருக்கிறது’ என்கிறான் கணவன். அவ்வளவுதான், அவள் முகம் மலர்ந்துவிடுகிறது. (சேலைக் கறை பற்றி அவன் மூச்சுவிடவில்லை. விவரமான ஆள்!) நீங்கள் கடைசியாக என்ன சொன்னீர்கள்? ‘உப்பு தூக்கல்’ எல்லாம் கணக்கில் வராது. இன்றைக்கே பாராட்டுங்கள். ஆனால், ‘அப்படியே எங்கம்மா கைப்பக்குவம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளை முதல் கஞ்சிதான்.