கணப்பும் கணக்கும்

கேள்வி: ஊட்டியில் வாங்கிய பழைய பங்களாவில் வெள்ளைக்காரர் காலத்துக் கணப்பு இருக்கிறது. மராமத்து பார்ப்பதா, இடித்துவிட்டு ஹீட்டர் மாட்டுவதா?

பதில்: இடிக்க வேண்டாம், அப்படியே எரிக்கவும் வேண்டாம். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் 10, 15 சதவீதம் அறைக்கு வந்தாலே பெரிது. மீதி புகைபோக்கி வழியாகத் தொட்டபெட்டாவைக் கதகதப்பாக்கப் போய்விடுகிறது. போகிற போக்கில் அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கில் குளிர் நுழையும். முகம் வேகும்போதே முதுகு விறைப்பது அதனால்தான். 1790களிலேயே ரம்ஃபோர்டு பிரபு, கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச்சுவர்களைச் சாய்த்து, புகைவழியின் கழுத்தை ஒடுக்கி லண்டன்காரர்களின் நிலக்கரியையும் கண்ணையும் காப்பாற்றினார். இன்று அதைவிட நல்ல வழி உண்டு. அதே பொந்துக்குள் கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்பு அடுப்பைச் செருகி, புகைபோக்கிக்குள் எஃகுக் குழாயை இறக்கினால், காய்ந்த விறகின் சூட்டில் பாதிக்கு மேல் உங்களுக்கே.

தீயின் அழகு போய்விடுமே என்பீர்கள். போகாது, கண்ணாடி வழியே தெரியும், கண் எரியாமல். ஹீட்டர்தான் மலிவு என்பார் மைத்துனர். வாங்கும்போது மலிவுதான், மின்சாரக் கட்டணத்தை அவரா கட்டப்போகிறார்? ஆனால் புகைபோக்கியில் விரிசல் இருந்தால் விளையாடாதீர்கள். அதன் வழியே கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் கரியைச் சுரண்டி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். கொத்தனார் கைவிரித்தால் ஹீட்டரே மாட்டுங்கள். கணப்பில் பூந்தொட்டி வைக்கலாம்.