கொல்லன் தெருவில் ஊசி விற்றவர்கள்

உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, ரோமாபுரியில் போய் ஒரு புராட்டஸ்டண்ட் சபை நடத்த வேண்டும் என்று சிலருக்கு ஆசை வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அதிலும் இந்தத் தெருவில் கொல்லரே ராஜா. 1870 வரை ரோமை ஆண்டவர் போப்பாண்டவர். போலீசும் அவருடையது, சிறையும் அவருடையது.

சட்டம் எளிமையானது: நகர மதிலுக்குள் வேறு சபைக்குக் கோயில் கிடையாது. ஆனால் குளிர்காலம் கழிக்க வரும் ஆங்கிலேய துரைமார் காசை வாரி இறைத்தார்களே, அவர்களை அடியோடு விரட்ட மனம் வருமா? மதிலுக்கு வெளியே, போபோலோ வாசலைத் தாண்டி, தானியக் கிடங்காக இருந்த கட்டடத்தில் அவர்கள் ஜெபித்துக்கொண்டார்கள். செத்தாலும் சலுகை இல்லை. 1821-ல் கவிஞர் கீட்ஸை விடிவதற்குள் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

தூதரகங்களுக்கு மட்டும் விலக்கு. தூதர் வீட்டுக் கூரைக்குள் என்ன கீர்த்தனை பாடினாலும் போலீசுக்குக் காது கேட்காது. அமெரிக்கர்கள் அப்படித்தான் கூடிவந்தார்கள். 1867 வாக்கில் 'போப் நம் ஆராதனையைத் துரத்திவிட்டார்' என்று வாஷிங்டனில் வதந்தி கிளம்பியது. ரோமில் இருந்த தூதர் ரூஃபஸ் கிங் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். யார் கேட்டார்கள்? காங்கிரஸ் ரோஷப்பட்டுத் தூதரகத்துக்கான பணத்தையே நிறுத்தியது. போப் கை வைக்காத கூரையை, ஆராதனையைக் காப்பாற்றப் புறப்பட்ட புண்ணியவான்களே பிரித்துப் போட்டார்கள். முழு உறவு மறுபடி ஏற்பட 1984 ஆயிற்று.

1870 ஜூலை 18. விசுவாசம், ஒழுக்கம் குறித்து அதிகாரபூர்வமாகப் போதிக்கும்போது போப் தவறமாட்டார் என்று வத்திக்கான் சங்கம் தீர்மானித்தது. வெளியே ஒரே இடி, மின்னல். ஆண்டவர் ஆமோதிக்கிறார் என்றது ஒரு தரப்பு. கோபப்படுகிறார் என்றது மறு தரப்பு. இரண்டே மாதத்தில், செப்டம்பர் 20 அன்று, இத்தாலியப் படை பியா வாசலருகே மதிலைப் பீரங்கியால் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

படையின் பின்னாலேயே ஒரு பைபிள் வண்டியும் வந்தது என்பது வால்தேசிய சபையார் சொல்லிச் சொல்லி மகிழும் கதை. வண்டியை இழுத்தது ஒரு நாய். அதன் பெயர் பியோ நோனோ. அன்றைய போப் ஒன்பதாம் பத்திநாதரை இத்தாலியர் அழைத்ததும் அதே பெயரில்தான்! வால்தேசியர்களின் ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் லியோன் நகர வணிகர் வால்டோவின் பின்னால் போனவர்கள். லூத்தர் பிறப்பதற்கு முந்நூறு ஆண்டு முன்பே உதை வாங்கத் தொடங்கியவர்கள். ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் ஒண்டிக் கிடந்த அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்ததே 1848-ல்தான்.

அமெரிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய போதகர் ராபர்ட் நெவின், உள்நாட்டுப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். வசூலித்த பணத்தில் நாசியோனாலே சாலையில் 1873-ல் அடிக்கல் நாட்டி, 1876-ல் பிரதிஷ்டையும் செய்துவிட்டார். கோயிலின் பெயரைக் கவனியுங்கள்: 'மதிலுக்குள் இருக்கும் தூய பவுல்'. இதைவிட நாசூக்காகப் பழிப்புக் காட்ட முடியாது. கோபுரம் எழுப்பி மணியும் கட்டினார்கள். உள்ளே ஆங்கில ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த மொசைக்கில், புனிதர்கள் வேடத்தில் ஆபிரகாம் லிங்கனும் இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டியும் நிற்கிறார்கள். பாதிரிமாரைக் கண்டாலே ஆகாத கரிபால்டிக்கு, ரோமில் ஒரு கோயில் சுவரில் புனிதர் பதவி!

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பலன்? இத்தாலி இன்றும் கத்தோலிக்க நாடுதான். வால்தேசியர் சில பத்தாயிரம் பேரைத் தாண்டவில்லை. ஆனால் வருமான வரியில் ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு யாருக்குப் போகலாம் என்று கையெழுத்திடும்போது, அந்தச் சபையின் தலைக்கணக்கைப் போலப் பல மடங்கு இத்தாலியர் அதற்கே எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் போதகர் சம்பளத்துக்குப் போவதில்லை, சமூகப் பணிக்குப் போகிறது என்பதே காரணம். ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்காதவர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்திருக்கிறார்கள்.

2015 ஜூனில் போப் பிரான்சிஸ் துரின் நகரின் வால்தேசியக் கோயிலுக்கே போய், பழைய கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேட்டார். நாய்க்கு வைத்த பெயருக்கான மன்னிப்பு இன்னும் பாக்கி.